தலவாக்கலை–லிந்துலை: ஆற்றுக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஒரு நகர சபை

கேட்கப்பட்டது இதுதான்: தலவாக்கலை–லிந்துலை நகர சபை எப்படி வந்தது, அதன் எல்லைக்குள் என்ன இருக்கிறது, இவ்வளவு சனம் புழங்கும் டவுனுக்கு ஏன் இவ்வளவு சின்னச் சபை, மேல் கொத்மலை அணை வந்தபின் என்ன மாறியது.

எல்லைக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது பிடிபட்டால்தான் மற்றவை விளங்கும்.

தலவாக்கலை நுவரெலியா மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1200 மீட்டர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமிருந்து அக்கரப்பத்தனை வழியாக இறங்கும் அக்ரா ஓயாவும், நுவரெலியாவின் நீரை வடித்துக்கொண்டு வரும் நானு ஓயாவும் டவுனுக்குச் சற்று மேலே சேர்ந்து கொத்மலை ஓயாவாகக் கீழிறங்கி மகாவலியில் விழுகின்றன. ஆற்றை ஒட்டியே அவிசாவளை–அட்டன்–நுவரெலியா ஏ7 வீதி போகிறது. மலையகப் புகையிரதப் பாதையும் அருகிலேயே. இந்த மூன்றுக்கும் இடையில் கிடைத்த ஒடுங்கிய நிலத்தில்தான் பஜார் நிற்கிறது. வீதியை விட்டு மேலே ஏறினால் உடனே தேயிலை மலை. லிந்துலை பஜாரும் அதே மாதிரித்தான். இந்த இரண்டு கடைவீதிகளும் அவற்றை ஒட்டிய குடியிருப்புகளும் சேர்ந்ததுதான் நகர சபை எல்லை. கண்ணுக்குத் தெரிகிற மலைகளும் அவற்றிலுள்ள லயன்களும், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளும், பெரும்பாலும் அதற்குள் இல்லை. அவை நுவரெலியா, அக்கரப்பத்தனை, கொட்டகலை பிரதேச சபைகளைச் சேர்ந்தவை.

இப்படி ஆனதற்குக் காரணம் நிலம் கைமாறிய விதம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் உறுதி காட்ட முடியாத காடு, தரிசு எல்லாவற்றையும் அரசுக்குரியது என்று கொள்ள வழி செய்தது. அந்தக் காணிகள் கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டன. தலவாக்கலை இருக்கும் திம்புளைப் பள்ளத்தாக்கு அந்த அலையில் திறக்கப்பட்டதுதான். தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்த சனத்தின் உழைப்பில் காடு அழிந்து தோட்டமானது. 1869 இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி ஒழிந்து அதே மேடுகளில் தேயிலை ஏறியது. டவுனுக்கென்று எவரும் நிலம் ஒதுக்கவில்லை. தோட்டத்துக்கு உதவாத ஆற்றோரத் துண்டும் வீதியோரத் துண்டும் மிஞ்சின. கடைகள் அங்கே வந்தன.

டவுனை டவுனாக்கியது ரயில். பாதை 1884 இல் அட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் வந்தது. அதன்பின் சுற்றுத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் இங்கிருந்து கொழும்புக்கு இறங்கின. அரிசி, உரம், இரும்புச் சாமான், துணிமணி மேலே ஏறின. அரிசிக் கடை, நகைக் கடை, அடகுக் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் தோட்டத்துச் சம்பளத்தை நம்பி வந்தவை. இன்றும் பஜாரின் வியாபாரம் தோட்டத்துச் சம்பள நாளை ஒட்டியே ஏறி இறங்குகிறது: சம்பளம் மாதம் 10 ஆம் திகதியளவில் கைக்கு வரும், அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் கால் வைக்க இடம் இருக்காது. கடை வைத்திருப்பவர்களில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவருமே உண்டு. மலையகத்தின் எல்லாப் பஜாருக்கும் பொதுவான அமைப்பு இது.

உள்ளூராட்சிச் சட்டங்களைப் பார்த்தால் கோடு எப்படிக் கீறப்பட்டது என்று தெரியும். 1892 இல் வந்த சிறு நகரச் சுகாதாரச் சட்டம் பஜார்களுக்குக் கக்கூசு, வடிகான், குடிநீர், இறைச்சிக் கடை ஒழுங்கு ஆகியவற்றைக் கவனிக்கச் சபைகளை வைத்தது. மலையகத்துப் பஜார்கள் பல இந்த வழியாகத்தான் முதன்முதலில் ஒரு நிர்வாகத்துக்குள் வந்தன. அரசுக்கு இதில் அக்கறை வரக் காரணம் கொள்ளைநோய்ப் பயம். பின்னர் 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்க நகர சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. இன்றும் தலவாக்கலை–லிந்துலை, அட்டன்–டிக்கோயா ஆகிய இரண்டும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் இயங்குகின்றன. மாவட்டத்தில் நகர சபைகள் இந்த இரண்டு மட்டுமே. நுவரெலியா மாநகர சபை, மீதி ஒன்பதும் பிரதேச சபைகள்.

எல்லாச் சட்டத்திலும் தோட்டம் தனியார் நிலமாகவே கருதப்பட்டது. வீதி, தண்ணீர், லயன், பிள்ளைக் காம்பரா (குழந்தைகளைப் பார்க்கும் இடம்) எல்லாம் தோட்டத்தை நடத்தும் துரையின் பொறுப்பு என்பதால் சபைக்கு அங்கே வேலையில்லை என்பது வாதம். அதில் இன்னொரு கணக்கும் இருந்தது. 1930களில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு அங்கே வாக்கு மறுக்கப்பட்டது. ஆக, தோட்டத்துச் சனம் டவுன் சபையிலும் இல்லை, கிராமச் சபையிலும் இல்லை.

நாடாளுமன்றத்தில் சிறிது காலம் நிலைமை வேறாக இருந்தது. 1947 தேர்தலில் தலவாக்கலை என்றே ஒரு தொகுதி இருந்தது. அதில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சி. வி. வேலுப்பிள்ளை வென்றார். அந்தக் கட்சிக்கு அந்தத் தேர்தலில் மொத்தம் ஏழு இடம். அடுத்த ஆண்டே 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதனால் பெரும்பான்மையோர் நாடற்றவர்களாகி வாக்கையும் இழந்தார்கள். 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. 1960 ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் எல்லை மாற்றப்பட்டபோது தலவாக்கலைத் தொகுதியே இல்லாமல் போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்க, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்க முடிவானது. மீதி 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்களில் இந்தப் பள்ளத்தாக்கின் குடும்பங்களும் உண்டு. இந்த விவகாரம் சட்டத்தில் முடிந்தது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடு. சபையின் வரலாற்றில் இவற்றை ஏன் சொல்கிறேன் என்றால், சுற்றியிருந்த ஆயிரக்கணக்கானோருக்கு வாக்கு இல்லாத காலத்தில் எல்லையை அகலப்படுத்தும்படி கேட்க எவராலும் முடியவில்லை.

1975 இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 மே மாதம் மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கும் முயற்சிக்கு எதிராகத் தொழிலாளர் திரண்டார்கள். மே 11 அன்று பத்தனைக்குப் பக்கத்தில் டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லட்சுமணன் உயிரிழந்தார். அந்தக் காணிப் பங்கீடு கைவிடப்பட்டது. இன்று இந்த மேடுகளில் தேயிலையும் லயன்களும் அப்படியே இருப்பதற்கு அந்த உயிர் கொடுத்த விலை உண்டு. டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க நிற்பவர்கள் இதையும் தெரிந்துகொண்டால் நல்லது. 1992 இல் தோட்ட நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளுக்குப் போனது. காணி இன்னும் அரசினுடையது, கம்பனியிடம் இருப்பது 53 ஆண்டுக் குத்தகை.

நகர சபைக்கு இதன் விளைவு நேரடியானது. குப்பை கொட்ட அரை ஏக்கர் வேண்டுமென்றாலும், மயானத்தை நீட்ட வேண்டுமென்றாலும் சொந்த எல்லைக்குள் இடம் கிடையாது. கம்பனியின் சம்மதம், காணி உரிமையுள்ள அரச நிறுவனத்தின் சம்மதம், பெருந்தோட்ட அமைச்சின் அனுமதி, பிறகு நில அளவை என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஒரு படியில் கோப்பு நின்றால் ஆண்டுகள் போகும். மலையக நகரங்களில் குப்பை ஆற்றோரத்திலேயே குவிவதற்கு ஊழியர்களின் அசட்டை மட்டுமல்ல, இதுவும் காரணம்.

பிரதேச சபைகள் பக்கம் ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று நீண்ட காலம் மறுக்கப்பட்டது. 2018 இல் அது திருத்தப்பட்டது. அதே காலத்தில்தான் பெரிய நுவரெலியா பிரதேச சபையிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும், அம்பகமுவவிலிருந்து நோர்வூட்டும் மஸ்கெலியாவும் தனிச் சபைகளாகப் பிரிந்தன. மலையகத்தின் உள்ளூராட்சியில் நடந்த மிகப் பெரிய திருத்தம் இதுவென்பேன். ஆனால் நகர சபையின் எல்லை இதனால் அகலவில்லை.

இனிப் பணம். நகர சபைக்குச் சொந்தமாகக் கிடைப்பவை ஆதன வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், முத்திரை வரியிலும் நீதிமன்றத் தண்டப் பணத்திலும் பங்கு. ஊழியர் சம்பளத்தின் பெரும் பகுதி மாகாண சபை வழியாக வரும். சிக்கல் எங்கே என்றால், பஸ் நிலையத்தையும் பொதுக் கழிப்பறையையும் சந்தையையும் பாவிக்கிறவர்களில் பெரும்பாலானோர் எல்லைக்கு வெளியே இருந்து வருகிறவர்கள். அவர்கள் போடும் குப்பையை அள்ளும் செலவு சபைக்கு, அவர்கள் குடியிருக்கும் லயன்களில் ஆதன வரி சபைக்கு இல்லை. எல்லைக்குள் இருப்பதோ சில ஆயிரம் பேர். சபைக்கு வருமானம் போதவில்லை என்று சொல்லும்போது அதை வெறும் சாட்டாக எடுக்கக் கூடாது.

ஆதன வரி பற்றி நடைமுறையில் தெரிந்திருக்க வேண்டியவை சில. கட்டடத்துக்கு ஒரு வருடப் பெறுமதி குறிக்கப்படும். அதில் சபை தீர்மானித்த வீதம்தான் வரி. ஒரு கணக்குக்காக வருடப் பெறுமதி 30,000 ரூபாய், வீதம் 10 என்று வைத்தால் வருடத்துக்கு 3,000, காலாண்டுக்கு 750 ரூபாய். ஜனவரி 31 க்குள் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு, ஆக 2,700. காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். தவறினால் மேலதிகக் கட்டணம் சேரும். நெடுநாள் நின்றால் ஆதனத்தையே முடக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. அதிகம் நடக்கும் பிழை, காணி கைமாறியபின் வரிப் பதிவேட்டில் பெயரை மாற்றாமல் விடுவது. பழையவர் பெயரில் நிலுவை ஏறிக்கொண்டே இருக்கும், பிறகு வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ சான்றிதழ் கேட்டுப் போகும்போதுதான் தெரியவரும். உறுதிப் பத்திரத்தின் பிரதி, நில அளவைப் படம், கடைசியாகக் கட்டிய வரிப் பற்றுச்சீட்டு மூன்றும் இருந்தால் பெயர் மாற்றுவது பெரிய வேலையில்லை.

வீடு கட்டுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. முதலில் சபையிடம் வீதிக் கோட்டுச் சான்றிதழ் எடுக்க வேண்டும். நுவரெலியா மாவட்டம் மண்சரிவு வலயம் என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். பிறகுதான் வரைபடத்தைக் கொடுப்பது. தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இடத்தைப் பார்ப்பார்கள், திட்டக் குழு முடிவெடுக்கும். கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழ் எடுக்காமல் குடியேறுவது சட்டப்படி பிழை. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். இங்கே விண்ணப்பங்கள் திரும்பி வர முதற் காரணம் ஒதுக்கம், அதாவது கட்டாமல் விட வேண்டிய நிலம்: ஆற்று ஒதுக்கம், வீதி ஒதுக்கம், ரயில் ஒதுக்கம் மூன்றும் ஒடுங்கிய நிலத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஆறு பேர்ச் காணியில் கட்டக் கிடைப்பது மூன்று பேர்ச்தான் என்றுகூட வரலாம். எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே நில அளவையாளரைக் கொண்டு ஒதுக்கக் கோடுகளைப் படத்தில் குறித்து வாங்குங்கள்.

இரண்டாவது காரணம் மேட்டை நெட்டாக வெட்டுவது. பின்சுவர்ப் பக்கம் பத்தடி மண்ணைச் செங்குத்தாக வெட்டி ஒரு கல் மதிலைக் கட்டிவிட்டால் போதும் என்று மேசன்மார் சொல்வார்கள். மதிலுக்குப் பின்னால் சல்லி நிரப்பி, ஐந்தடிக்கொரு நீர்க்குழாயாவது வைக்காவிட்டால் ஜூன் மழையில் மண் ஊறி அந்த மதிலையே தள்ளிக்கொண்டு வரும். மேலேயிருந்து வரும் மழைநீருக்கு மேட்டின் உச்சியில் ஒரு கான் வெட்டித் திருப்பிவிடுவது அதைவிட முக்கியம். அதற்கு ஆகும் செலவும் குறைவு.

இனி அணை. மேல் கொத்மலைத் திட்டம் ஜப்பானியக் கடனில் 2006 இல் கட்டத் தொடங்கி 2012 இல் மின்சாரம் தந்தது. தலவாக்கலையில் நிற்பது 35.5 மீட்டர் உயரமும் 180 மீட்டர் நீளமும் கொண்ட கொங்கிறீற்று அணை. தேங்கும் நீர் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக நியங்கந்தொரையில் நிலத்துக்கடியிலுள்ள மின்நிலையத்துக்குப் போய் 150 மெகாவாட் வரை தருகிறது. ஆற்றோரத்தில் இருந்த நானூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் மாற வேண்டியிருந்தது. பழைய ஆற்றோரம் நீரில் போனது, பஜாரின் ஒரு பக்கம் இப்போது ஏரிக்கரை.

இந்த நீர்த்தேக்கத்தைப் பற்றி ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். இதில் பாவிக்கக்கூடிய கொள்ளளவு சுமார் 8 இலட்சம் கன மீட்டர்தான். இரண்டு இயந்திரமும் முழு வேகத்தில் ஓடினால் வினாடிக்கு ஏறக்குறைய 37 கன மீட்டர் வேண்டும். அதாவது வரத்து இல்லாவிட்டால் நிறைந்த குளம் ஆறு மணித்தியாலத்தில் காலி. அதே காரணத்தால் அக்கரப்பத்தனையிலோ நானுஓயாவிலோ கனமழை கொட்டினால் சில மணி நேரத்தில் நிறைந்தும் விடும். கீழே உள்ள கொத்மலைக் குளத்தைப் போல மழையை உள்வாங்கி வைக்கும் வயிறு இதற்கு இல்லை. ஐந்து வான்கதவுகள் அடிக்கடி திறக்கப்படுவது அதனால்தான். அணைக்கு ஆபத்து என்று அர்த்தமில்லை.

ஆபத்து அணைக்குக் கீழே இருக்கிறது. நீர் சுரங்கத்தால் போய்விடுவதால் அணைக்கும் கொத்மலைக்கும் இடைப்பட்ட ஆற்றுப் படுக்கை சாதாரண நாளில் பாறையும் சிறு ஓடையுமாகக் கிடக்கும். குளிக்கவும் துணி தோய்க்கவும் படம் எடுக்கவும் ஆட்கள் பாறை பாறையாக நடுவில் போய்விடுவார்கள். தலவாக்கலையில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும். மழை மேலே பெய்திருக்கும். வான்கதவு திறப்பதற்கான சைரன் ஒலித்தால் துணியையும் வாளியையும் பார்த்துக்கொண்டு நிற்காமல் கரையேற வேண்டும். எந்தக் கரையில் நின்றீர்களோ அந்தக் கரைக்கே ஏறுங்கள். வீடு மறுகரையில் என்று ஆற்றைக் கடக்கப் போனால் நடுவில் அகப்படுவீர்கள். தென்மேற்குப் பருவம் பலமாக உள்ள ஜூன், ஜூலை மாதங்களில் இந்தப் பகுதிக்கு இறங்காமலிருப்பதே நல்லது.

80 மீட்டர் உயரமுள்ள சென் கிளேயர் நீர்வீழ்ச்சி இந்த ஆற்றில்தான், அணைக்குக் கீழே இருக்கிறது. திட்டத்துக்கு வந்த எதிர்ப்பில் பெரும் பகுதி இதற்காக எழுந்தது. பகல் வேளையில் அருவிக்கு நீர் விட வேண்டும் என்ற நிபந்தனை அதன் பலன். பழைய அகலமும் இரைச்சலும் மழைக்காலத்தில் மட்டுமே. 97 மீட்டர் உயரமான டெவன் அருவி ஒரு கிளையாற்றில் இருப்பதால் அதற்கு இந்த அணையால் பாதிப்பில்லை.

அதிகம் பேசப்படாதது வண்டல். நானு ஓயா நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களைத் தாண்டி வருகிறது. லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்திகளைச் சரிவுக்கு நேர்கீழாகப் போட்டால் ஒவ்வொரு மழையும் மேல்மண்ணோடு உரத்தையும் கிருமிநாசினியையும் அள்ளி வரும். ஓடும் ஆறாக இருந்த காலத்தில் அது கீழே போய்விடும். இப்போது வேகம் குறைந்ததும் டவுன் வாசலிலேயே படிகிறது. பிளாஸ்டிக் போத்தல்களும் அங்கேதான் ஒதுங்குகின்றன. கரையைத் துப்புரவாக்குவதால் மட்டும் இது தீராது. பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போட வைப்பதும், ஆற்றோரம் சில அடிக்கு மண்ணைக் கொத்தாமல் புல் விட வைப்பதும் மேலேயுள்ள சபைகளின் எல்லைக்குள் நடக்க வேண்டிய வேலை. நகர சபை தனியாக எவ்வளவு செலவழித்தாலும் பலன் அரைகுறைதான்.

சுற்றுவட்டாரத்தில் சொல்லாமல் விடக் கூடாத நிறுவனம் ஒன்று: 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம், சென் கூம்ஸ் தோட்டத்தில். 1946 இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையில் பரவியபோது மருந்தும் முறையும் தேடியது இங்கேதான். நாட்டின் பெரும்பாலான குளோன் கன்றுகளுக்கும் இதுவே தாய்வீடு. திம்புளைத் தேயிலைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை, குளிர்ந்த வறண்ட காற்று வீசும் வாரங்களில் விலை ஏறும்.

சபையின் ஆட்சி முறையைச் சுருக்கமாகச் சொல்வதென்றால்: 2018 பெப்ரவரி 10 தேர்தலிலிருந்து 60 வீத உறுப்பினர்கள் வட்டாரத்திலும் 40 வீதம் கட்சிப் பட்டியலிலும் வருகிறார்கள், 25 வீதம் பெண்கள். அந்தச் சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து, அடுத்த தேர்தல் 2025 மே 6 இல்தான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டும் அதிகாரிகளின் நிர்வாகம்.

உங்கள் வீடு எந்தச் சபைக்குள் என்று தெரியாவிட்டால் தபால் முகவரியை நம்பாதீர்கள். தலவாக்கலை என்று எழுதும் பல வீடுகள் பிரதேச சபைக்குள் இருக்கின்றன. வாக்காளர் அட்டையிலுள்ள வட்டாரத்தின் பெயரைப் பாருங்கள், அல்லது கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். ஏழு பேர்ச் காணித் திட்டத்தில் புதிதாக வீடு கிடைத்த தோட்டத்துக் குடும்பங்களும் இதைச் செய்வது நல்லது. தண்ணீர், குப்பை, தெருவிளக்கு முறைப்பாடு எங்கே போக வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. பிழையான சபைக்குக் கொடுத்த கடிதம் பெரும்பாலும் பதிலே இல்லாமல் கிடக்கும்.

பழைய ஆவணம் தேடுகிறவர்கள் எல்லை வர்த்தமானிகளுக்கும் அந்தக் காலத்து மாவட்ட நிர்வாக அறிக்கைகளுக்கும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்குப் போக வேண்டும். தோட்டங்களின் பழைய எல்லைப் படங்கள் நில அளவைத் திணைக்களத்தில் இருக்கும். சபையின் சொந்தக் கூட்டக் குறிப்புகள், வரவு செலவுத் திட்டம், கடைக் குத்தகை விவரம் ஆகியவற்றை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். தமிழிலேயே எழுதுங்கள், எந்த ஆண்டு, எந்த ஆவணம் என்று ஒன்றொன்றாகக் குறிப்பிடுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். கையொப்பமிட்ட ஏற்புச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள், மேன்முறையீட்டுக்கு அதுதான் ஆதாரம்.